ஆத்துக்கு என்ன பதவி

பின்னால சிவப்புத் துணியைக் கட்டி நிக்க வச்சு, ஒரு ஆத்தை நீங்க எப்பவாவது போட்டோ எடுத்திருக்கீங்களா? அரசாங்க மனுவுல ஒட்டுற சைஸ்ல, மார்பளவுக்கு, காது ரெண்டும் தெரியுற மாதிரி?

தர்சோனோ எடுத்திருக்கான். அவன் பைத்தியம் இல்ல. கலிவுலுங் மாவட்டத்துப் பேரிடர் ஆபீஸ்ல நிரந்தர ஊழியன். அவன் வேலையும் ரொம்பச் சின்ன வேலைதான். ஒரு திரைக்கு முன்னால உக்காந்து வுலுங் ஆத்தோட ஒசரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். மலையடிவாரத்துத் தடுப்பணையில ஒரு அளவுக்கருவி இருக்கு. அது நிமிஷத்துக்கு ஒரு எண்ணை அனுப்பும். அந்த எண்ணு மாவட்ட ஆபீசுக்கு வந்து, அங்கருந்து கீழ கரங்பெபெக் ஊர்ல கம்பத்து மேல இருக்குற அபாயச் சங்குக்குப் போகும். எண்ணு, அபாய அளவுன்னு போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டிட்டா சங்கு தானா ஊதும்; அதுக்குக் கீழ இருந்தா திரையில பச்சை. ஊர்ச்சனம் வாத்துங்களை ஓட்டிக்கிட்டுக் கரைமேட்டுல ஏறிடும்.

கரங்பெபெக்ல எல்லாருக்கும் வாத்துதான் சோறு. உப்புல ஊறவச்ச வாத்து முட்டைக்குப் பேர் போன ஊரு. தர்சோனோவோட பொண்டாட்டி முர்னியும் வாத்துதான் வளக்குறா. வீடு ஆத்தை ஒட்டியே இருக்கு. அந்தத் திரையைப் பாக்குறதும் சொந்தக் கூரையைப் பாக்குறதும் அவனுக்கு ஒண்ணுதான்.

இப்ப அந்தப் பெட்டிக்கு வருவோம். மாவட்ட ஆபீஸ்ல இருக்குற கம்பியெல்லாம் ஒரு பெட்டியில வந்து சேரும். ஸ்விட்ச்னு பேரு. விளக்கு போடுற ஸ்விட்ச் இல்ல. நாலுமுனைச் சந்தியில நிக்கிற போலீஸ்காரன் மாதிரி, வர்றதையெல்லாம் அது அது போக வேண்டிய பக்கம் தள்ளி விடுற பெட்டி. மாடிப்படிக்கு அடியில, துடைப்பத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சு. முதல்ல வந்தது முதல்ல போச்சு. மாவட்டத் தலைவரோட கடிதமும், வாசல் காவலாளி போன்ல பாக்குற சேவல் சண்டையும், ஆத்தோட எண்ணும் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே வரிசையில போச்சுங்க. அது யாருக்கும் தெரியாத வரைக்கும் யாருக்கும் அவமானம் இல்ல.

ஒரு நாள் மாவட்டத் தலைவர் மாகாண ஆளுநர் கூட வீடியோவுல பேசிக்கிட்டிருந்தாரு. "எங்க மாவட்டத்தோட வளர்ச்சி"ன்னு வாயைத் தொறந்தாரு. படம் அப்படியே நின்னு போச்சு. தொறந்த வாய் தொறந்தபடி, கண்ணு ஒண்ணு பாதி மூடி. கருவூலத்துல யாரோ ஒரு கொரியா நாடகத்தை முழுசா எறக்கிக்கிட்டிருந்தாங்களாம். சாயங்காலத்துக்குள்ள அந்த வாய் மாவட்டம் பூரா போன் போனா சுத்திடுச்சு. பல் டாக்டர் ஒருத்தர் விளம்பரத்துக்கே போட்டுட்டாரு.

மாவட்டச் செயலாளர் பாக் ஹார்யோ, பெட்டியைப் பாத்துக்கிற இபு ரெத்னாவைக் கூப்பிட்டாரு. அந்த ஊர்ல பாக்னா ஐயா, இபுன்னா அம்மா. இபு ரெத்னா உள்ளதை உள்ளபடி சொல்ற பொம்பள. அன்னிக்கும் அந்தத் தப்பைத்தான் செஞ்சாங்க.

"பெட்டியில எட்டு வரிசை இருக்கு பாக். பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும். ஏழுதான் ஒசத்தி. பேச்சு, படம் மாதிரி தாமதம் தாங்காததை மேல வச்சுட்டா இப்படி நிக்காது. நாம இதுவரைக்கும் எல்லாத்தையும் ஒரே வரிசையில விட்டிருக்கோம்."

பாக் ஹார்யோ நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாரு. "எட்டு அந்தஸ்தா? எட்டு அந்தஸ்து இருக்குற பெட்டியையா துடைப்பத்துக்குப் பக்கத்துல போட்டு வச்சிருந்தீங்க?"

மறுநாளே பெட்டி கண்ணாடி அலமாரிக்குக் குடி வந்துச்சு. தலையில ஒரு பின்னல் துணி, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூ. சூடு தாங்காம பெட்டி அடிக்கடி அணைஞ்சு போச்சு. அதனால அலமாரிக்குள்ள ஒரு விசிறியும் வச்சாங்க.

அப்புறம் குழு கூடுச்சு. 'தரவு முன்னுரிமை நிர்ணயக் குழு'. பாக் ஹார்யோ பேச எந்திரிச்சாரு. இந்த ஊர்ப் பேச்சுக்கு ஒரு முறை இருக்கு. பேச வந்ததைப் பேசுறதுக்கு முன்னாடி, வந்திருக்குறவங்க ஒவ்வொருத்தரையும் பதவி வாரியா, மேலருந்து கீழ, "மதிப்புக்குரிய"ன்னு போட்டு வணங்கணும். ஒருத்தரை முன்னப் பின்ன சொல்லிட்டா மறுபடி மேலருந்து ஆரம்பிக்கணும். அன்னிக்குக் கல்வித்துறைத் தலைவரை, பொதுப்பணித் தலைவருக்கு அப்புறம் சொல்லிட்டாரு. கல்வித் தலைவர் இருமினாரு. பாக் ஹார்யோ மறுபடி மேல போயி இறங்கினாரு. கடைசி வரிசையில உக்காந்திருந்த தர்சோனோ வரைக்கும் வணக்கம் வந்து சேரவே இல்ல. டீ ஆறிடுச்சுன்னு நடுவுலயே நிறுத்திட்டாங்க.

இபு ரெத்னா திட்டத்தைச் சொன்னாங்க. "என்ன போகுதுன்னு பாத்து வரிசை பிரிக்கலாம், யாரோடதுன்னு பாக்க வேணாம். பேச்சு, எச்சரிக்கை ரெண்டும் மேல. மத்ததுக்குப் பங்கு முறை. மேல் வரிசையில நாலு எடுத்தா, அடுத்ததுல ரெண்டு, கடைசியில ஒண்ணாச்சும் எடுக்கணும். அப்பத்தான் யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க."

"பங்கா?" பாக் ஹார்யோ சிரிச்சாரு. குழு பூரா சிரிச்சுது, பதவி வாரியா. "இபு, என் மக கல்யாண விருந்துல தலைவர் நாலு கரண்டி எடுத்ததும், 'கொஞ்சம் நில்லுங்க பாக், டிரைவர் ஒரு கரண்டி எடுத்துக்கட்டும்'னு சொன்னேனா?"

"இல்ல பாக்."

"பெட்டியில வேற முறையே இல்லையா? மரியாதையான முறை?"

"கறார் முறைன்னு ஒண்ணு இருக்கு. மேல் வரிசையில ஒண்ணு நின்னாலும் கீழ் வரிசை நகராது. மேல எல்லாம் காலியானாத்தான் கீழ. கீழ நின்னு நின்னு எடம் நெறஞ்சிடுச்சுன்னா, புதுசா வர்றது வாசல்லயே விழுந்து போயிடும்."

"விழுந்ததை யாரு பொறுக்குவா?"

"யாரும் இல்ல பாக். அவ்வளவுதான் அது."

"இதுதான். இதுதான் ஒழுங்கு!" பாக் ஹார்யோ மேசையைத் தட்டினாரு. "மேல இருக்குறவன் முடிச்சாத்தான் கீழ இருக்குறவன் ஆரம்பிக்கணும். மேல இருக்குறவன் முடிக்கவே இல்லைன்னா அது அவனோட உழைப்பு. இதைக் கண்டுபுடிச்ச வெளிநாட்டுக்காரன் கண்டிப்பா அரசாங்க ஊழியனாத்தான் இருந்திருப்பான்."

அப்புறம் பங்கீடு நடந்துச்சு. ஏழு, தலைவருக்கும் செயலாளருக்கும். செயலாளர் அறைக்குப் பின்னால இருக்குற கோய் மீன் குளத்துக் கேமராவும் ஏழு, ஏன்னா அது செயலாளர் வளாகம். சிவப்பும் வெள்ளையுமா முழங்கை நீள மீனுங்க. அதுங்க மூச்சு விடுறதைப் பாக் ஹார்யோ போன்லயே பாப்பாரு, செதில் செதிலாத் தெரியும். ஆறு, அதிகாரிகளோட மனைவிமார் சங்கத்துக்கு. காவலாளியோட சேவல் சண்டைக்கு மூணு, ஏன்னா அவன் நிக்கிறது செயலாளரோட வாசல்.

கடைசியில தர்சோனோவைக் கூப்பிட்டாங்க.

"உங்க சமாச்சாரம் என்ன?"

"ஆறு பாக்."

"ஆறு மனைவிமார் சங்கத்துக்குக் குடுத்தாச்சே."

"வரிசை இல்ல பாக், வுலுங் ஆறு. தண்ணி."

"அதுக்கு என்ன பதவி?"

தர்சோனோ முழிச்சான். "பதவின்னா... அது பாட்டுக்கு ஓடுது பாக்."

"ஊழியர் எண் இருக்கா? நிரந்தரமா, ஒப்பந்தமா?"

"மழைக்காலத்துல நெறைய வரும். வெயில்ல கொஞ்சமா வரும்."

"அப்போ தினக்கூலி"ன்னாரு பணியாளர் துறைக்காரர். பூஜ்யம்னு எழுதிட்டாங்க.

"பாக், வெள்ளம் வந்தா சங்கு ஊதணுமே. கீழ ஊரு இருக்கு. என் வீடு இருக்கு."

பாக் ஹார்யோ அன்பாத்தான் சொன்னாரு. "வெள்ளம் வந்தா மொதல்ல எனக்குத் தெரியணும் பாக் தர்சோனோ. எனக்குத் தெரியாம வந்த வெள்ளத்துக்கு மாவட்டம் எப்படிப் பொறுப்பேத்துக்கும்?"

கறார் முறைன்னா என்னன்னு தர்சோனோவுக்கு, அந்தப் புது முறைக்கு வச்ச தொடக்க விழா விருந்துலதான் புரிஞ்சுது. மஞ்சச்சோத்தைக் கோபுரமாக் குவிச்சு, சுத்தி வறுத்த கோழி, சோயாவுல செஞ்ச தெம்பே, அவிச்ச முட்டை வச்சிருந்தாங்க. தலைவர் உச்சியை வெட்டி, ஒரு தட்டை அந்தப் பெட்டிக்கு முன்னாலயே வச்சாரு. அப்புறம் பதவி வாரியா வரிசை. தர்சோனோ கடைசியில நின்னான். மேசை கிட்ட வரும்போது துணைத் துறைத் தலைவர் ஒருத்தர் லேட்டா வந்தாரு. "வாங்க பாக், வாங்க"ன்னு இவன் வழி விட்டான். மறுபடி கிட்ட வந்தான். மேல போனவங்க ரெண்டாம் தரம் சோறு வாங்க வந்துட்டாங்க. ரெண்டாம் தரம்னாலும் அவங்க பதவி கொறையலையே. இவன் கைக்கு வந்தப்போ கோபுரம் நின்ன எடத்துல வாழையிலையும், ஓரத்துல ரெண்டு அப்பளமும் இருந்துச்சு.

"சாப்பிட்டீங்களா பாக்?"ன்னு இபு ரெத்னா கேட்டாங்க.

"விழுந்து போச்சு இபு"ன்னான்.

திரையில அன்னிலருந்து கோளாறுதான். காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் கூடுனா ஆத்தோட எண்ணு நின்னுடும். எல்லாரும் வீட்டுக்குப் போனதும் மறுபடி நகரும். பகல் முழுக்க தர்சோனோ பாக்குறது விடியக்காலத்து ஆறு.

ஆத்துக்குப் பதவி உயர்வு வாங்கியே தீரணும்னு பணியாளர் துறைக்குப் போனான். அங்க இருந்தவரு கெட்டவரு இல்ல. நிதானமாக் கேட்டாரு.

"விண்ணப்பதாரர் பொறந்தது ஒத்தப்படை வருஷமா, ரெட்டைப்படை வருஷமா?"

"ஆறு பாக், அது எப்பப் பொறந்துச்சுன்னு..."

"ஒத்தப்படைன்னா போட்டோவுக்குப் பின்னால சிவப்பு. ரெட்டைப்படைன்னா நீலம். மாத்தி எடுத்தா மனு செல்லாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"...ஒத்தப்படைன்னே வச்சுக்கோங்க."

அப்படித்தான் அந்த ஞாயித்துக்கிழமை அவனும் முர்னியும் ஆத்தங்கரைக்குப் போனாங்க. முர்னி முட்டிவரைக்கும் தண்ணியில எறங்கி, அவளோட பழைய சிவப்புத் துணியை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சா. காத்துல துணி அவ மூஞ்சியிலயே அடிச்சுது. வாத்துங்க கூட்டமா வந்து வேடிக்கை பாத்துச்சுங்க.

"மாஸ், காது தெரியுதான்னு பாரு"ன்னா. புருஷனை அவ மாஸ்னுதான் கூப்பிடுவா.

"எதுக்குக் காது?"

"ஆத்துக்குடா! நீ சொல்ற எதுதான் உன் ஆபீஸ்காரங்க காதுல ஏறியிருக்கு? ஆத்து காதுலயாச்சும் ஏறட்டும்."

மனு திரும்பி வந்துடுச்சு. உடல்நலச் சான்று இல்லையாம்.

இதுக்குள்ள பெட்டியில வேற கூத்து. மூணுல இருந்தவங்க நாலு கேட்டாங்க. நாலுல இருந்தவங்க ஆறாம் வரிசையைக் கேட்டாங்க. செயலாளருக்குப் பிரம்புக் கூடையில பழம் போச்சு, சால் மரக் கைத்தடி போச்சு, ஜோடியா கோய் மீன் கூடப் போச்சு. மழை தொடங்கும்போது மாவட்டமே ஏழாம் வரிசையில நின்னுச்சு. காவலாளியோட சேவலும் ஏழுல. எல்லாரும் ஏழுல இருந்ததால பழையபடி முதல்ல வந்தது முதல்ல போச்சு. தலைவரோட படம் மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவ தும்மலுக்கு நடுவுல.

"எட்டாம் நம்பர் வரிசை போடுங்க"ன்னாரு பாக் ஹார்யோ.

"பெட்டியில ஏழோட முடிஞ்சுது பாக்."

"முடிஞ்சுதுன்னு யாரு முடிவு பண்ணா? எந்தப் பதவியில இருக்குறவரு?"

இபு ரெத்னா 'எட்டு'ன்னு தங்கக் கலர்ல ஒரு ஸ்டிக்கர் அடிச்சு, அலமாரிக் கண்ணாடியில ஒட்டினாங்க. பாக் ஹார்யோ, இப்போ வேகம் நல்லாத் தெரியுதுன்னு சொன்னாரு. வெளிய வந்ததும் தர்சோனோ கேட்டான், "ஏன் இபு இப்படி?" அந்தம்மா சொன்னாங்க, "நான் ஒரு தடவ உண்மையைச் சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு பாக். இன்னொரு தடவ சொல்லணுமா?"

பூஜ்யத்துல மிச்சம் இருந்தது ஆறு மட்டுந்தான்.

மாவட்டத்தோட ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. ஒவ்வொரு துறையும் அவங்கவங்க எடத்துலருந்து ஒருத்தருக்கொருத்தர் நேரலையில வாழ்த்துச் சொல்லணும். மதியத்துல மலைப்பக்கம் கருத்துடுச்சு. தர்சோனோவோட திரையில பச்சை. முர்னி போன் பண்ணா.

"மாஸ், தண்ணி காப்பி நெறமா வருது. வாழை மரம் வேரோட மெதந்து போகுது. வாத்தெல்லாம் கொட்டகைக்குள்ள போக மாட்டேங்குதுங்க. உன் திரையில என்ன போட்டிருக்கு?"

"பச்சை."

"அப்போ உன் திரை பொய்யா, என் கண்ணு பொய்யா?"

"மேட்டுல ஏறு முர்னி. நான் சொல்றேன்ல."

"நீ சொன்னா நான் ஏறுவேன். ஊரு ஏறுமா? போன மழையில சங்கு ஊதாமலே ஏறிட்டோம்னு ஊர்த்தலைவரு என்ன பேச்சுப் பேசினாரு! இப்பவும் சங்கு சத்தம் கேக்கட்டும்னு எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க. பக்கத்து வீட்டுல படுத்த படுக்கையா ஒரு ஆளு. அவங்களையெல்லாம் விட்டுட்டு நான் மட்டும் வாத்தை ஓட்டிக்கிட்டுப் போகவா? சங்கை ஊத வை மாஸ். உன்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதானே!"

கையால ஊத வைக்க அவன் மேசையிலேயே ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கினான். அந்த அமுக்கலும் பூஜ்யம் வரிசையிலதான் போயி நின்னுச்சு. மறுபடி அமுக்கினான். பெருவிரல் செவக்குற வரைக்கும் அமுக்கினான். எல்லாம் வாசல்லயே விழுந்துச்சு.

ஒத்திகை மண்டபத்துக்கு ஓடினான். மேடையில பாக் ஹார்யோ, "மதிப்புக்குரிய"வுல இருந்தாரு. வாசல்ல வரவேற்பு அதிகாரி சட்டையைப் புடிச்சு நிறுத்துனாரு.

"பாக், எங்க ஓடுறீங்க? விழாவுக்குப் போடுற பாத்திக் பூச்சட்டை இல்லாம உள்ள விடக்கூடாது."

"ஆறு ஏறுது! ஒரு நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. ஒரே நிமிஷம். ஒரு எண்ணு போனாப் போதும்!"

"பேசணுமா? பேரு குடுங்க. உங்க பதவிக்கு... கடைசியில வரும். அதுக்குள்ள சட்டையை மாத்திட்டு வந்துடுங்க."

"கீழ ஊரு முழுகுதுய்யா!"

"மெதுவாப் பேசுங்க பாக், நேரலை."

மேடையில பாக் ஹார்யோ மனைவிமார் சங்கத்தை வணங்கிக்கிட்டிருந்தவரு, சட்டைப் பையில கை விட்டாரு. போன் அதிருது. எடுத்துப் பாத்தாரு. படம் துல்லியமா, தடங்கல் இல்லாம, செதில் செதிலாத் தெரிஞ்சுது. வெளிய கொட்டுற மழையில குளம் நெரம்பி வழியுது. ஒரு மீன் செவுத்தைத் தாண்டி, ஆத்துக்குப் போற வாய்க்கால்ல விழுந்துச்சு.

"வெள்ளம்!"னு கத்தினாரு. "வெள்ளம் வந்துடுச்சு! பேரிடர் ஆபீஸ் எங்க? யாரு பொறுப்பு?"

"நான்தான் பாக்"ன்னான் தர்சோனோ.

"இவ்வளவு நேரம் என்ன புடுங்கிக்கிட்டிருந்தீங்க? ரப்பர் படகை எடுங்க! பம்பு கொண்டு வாங்க!"

படகு வந்துச்சு. தீயணைப்பு வண்டி வந்துச்சு. துறைத் தலைவருங்க எல்லாரும் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டுக் குளத்துல எறங்கிட்டாங்க, முன்னாடி யாரு எறங்குறதுன்னு கொஞ்சம் தள்ளுமுள்ளு கூட நடந்துச்சு. பெரிய பம்பைப் போட்டா ஃபியூஸ் போகும்னு மின்சாரக்காரன் சொன்னான்.

"அப்போ எல்லாத்தையும் அணைங்க! கம்ப்யூட்டர், ஏசி, மேடை, கேமரா எல்லாத்தையும்! மீனை விட என்னய்யா முக்கியம்?"

அணைச்சாங்க. பேட்டரி வச்ச பெட்டி மட்டும் அலமாரிக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏழு காலியாச்சு. ஆறு, அஞ்சு, நாலு எதுலயும் யாரும் இல்ல. முழங்கால் தண்ணியில வலையும் கையுமா நின்ன தர்சோனோவுக்கு, கீழ ரொம்பத் தூரத்துலருந்து அந்தச் சத்தம் கேட்டுச்சு. சங்கு ஊதுது.

பாக் ஹார்யோவும் கேட்டாரு. மூஞ்சியில இருந்த சேத்தைத் தொடச்சுக்கிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. "பாத்தீங்களா? நமக்குத் தெரிஞ்ச உடனே ஊதுது. கறார் முறைன்னா இதுதான்."

தர்சோனோ வலையைக் கீழ போட்டான். எவனும் அவனை நிறுத்தல. நிறுத்துறதுக்கு அவன் எவன் கண்ணுலயும் படல. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கெளம்பி, பாதி வழியில அது தண்ணியில நின்னதும் போட்டுட்டு நடந்தான்.

கரைமேட்டுல ஊரே உக்காந்திருந்துச்சு. படுக்கையில கெடந்தவரைக் கதவைக் கழட்டி அதுல வச்சுத் தூக்கிட்டு வந்திருந்தாங்க. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. முர்னி ரெண்டு கக்கத்துலயும் ஒவ்வொரு வாத்தை இடுக்கிக்கிட்டு, கீழ கூரை மட்டும் தெரியுற வீட்டைப் பாத்துக்கிட்டிருந்தா.

"ஊதுனப்போ இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு"ன்னா. "கொட்டகைக் கதவு தண்ணிக்குள்ள. தொறக்க முடியல. உள்ளருந்து கத்துனதுங்க."

அவன் பக்கத்துல உக்காந்தான்.

"என்ன சொன்னாங்க உன் ஆபீஸ்ல?"

"கறார் முறை நல்லா வேலை செய்யுதுன்னாங்க."

முர்னி ஒரு வாத்தை அவன் மடியில வச்சா. அது நடுங்கிக்கிட்டிருந்துச்சு.

அடுத்த நாள் காலையில பேரிடர் ஆபீஸ் ரப்பர் படகு கரங்பெபெக்குக்கு வந்துச்சு. அதுல ரெண்டு ஆளும், மூடி போட்ட வாளிங்களும் இருந்துச்சு. முர்னியோட வாத்துக் கொட்டகைக்குள்ள ஒரு கோய் மீன் உயிரோட கெடச்சுது. அதை வாளியில விட்டுட்டு, வாளிங்க இருக்குறதால ஆள் ஏத்த எடமில்லைன்னு சொல்லிட்டு, திரும்பிப் போயிட்டாங்க.